சீமைக் கருவேலங்காய் தின்னும் மாட்டின் தாடையைக் கவனியுங்கள்

கோடையில் புல் பூண்டு எல்லாம் கருகிய பின்னும் பச்சை மாறாமல் நிற்பது சீமைக் கருவேல் மரம். கண்மாய்க் கரையிலும், ஊர்ப் புறம்போக்கிலும், தரிசு நிலத்திலும் தானாகவே வளர்ந்து நிற்கும் இம்மரத்தின் அடியில் மஞ்சள் நிறக் காய்கள் உதிர்ந்து கிடக்கும். வெள்ளாடுகள் ஓடிச் சென்று அவற்றைப் பொறுக்கித் தின்னும். அவிழ்த்து விட்ட மாடுகளும் மரத்தடியை விட்டு நகராமல் நிற்கும். வைக்கோல் விலை ஏறியிருக்கும் காலத்தில் காசில்லாமல் கிடைக்கும் இத்தீவனத்தைச் சாக்கில் சேர்த்து வைத்துக் கொட்டிலில் போடும் உழவர்களும் உண்டு.

இதில் தவறு இல்லை. ஆனால் இக்காயை எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் கால்நடையின் தாடைத் தசை சிறிது சிறிதாக வற்றிப் போகும். தீவனம் முன்னால் இருக்கும், பசியும் இருக்கும், ஆனால் மெல்ல முடியாது. முடிவில் அது பட்டினியால் மடியும். நான் உழவியல் கற்பிக்கும் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும் இந்நோய் தொடங்குவது மேய்ச்சல் தரையிலும் தீவனத் தொட்டியிலும்தான் என்பதால் இதைப் பற்றி உழவர்களுக்கு எடுத்துக் கூறுவது எங்கள் கடமையுமாகும்.

காயில் உள்ள நன்மை

சீமைக் கருவேல் நம் மண்ணின் மரம் அன்று. அமெரிக்கக் கண்டங்களின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் என்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைக்கப்பட்டு, 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் நடப்பட்டது. வறண்ட பகுதிகளுக்கு விறகு வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். வேலிக்காத்தான், வேலிக் கருவை என்றெல்லாம் நம் ஊர்களில் வழங்கும் மரம் இதுவே. நம் நாட்டுக் கருவேல மரம் வேறு. அதன் காயைப் பற்றி இங்கே பேசவில்லை.

இதன் காயில் சர்க்கரைச் சத்து மிகுதி. அதனால்தான் ஆடு மாடுகள் அதை விரும்பித் தின்கின்றன. புரதச் சத்தும் சுமார் 10 முதல் 12 விழுக்காடு வரை உண்டு. நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே என்பதை எண்ணிப் பார்த்தால், வறட்சிக் காலத்தில் இக்காயின் அருமை விளங்கும். எனவே இக்காயை அறவே தள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. அளந்து கொடுங்கள் என்பதே செய்தி.

நோயின் அறிகுறிகள்

இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. காயையே பெரும்பங்கு தீவனமாகப் பல வாரங்கள், பல மாதங்கள் தின்ற பிறகே வெளியில் தெரியும். தொடக்கத்தில் தெரியும் குறிகள் மிகச் சிறியவை. ஆதலால் உழவர்கள் அவற்றைப் பல்வலி என்றோ, குடற்புழு என்றோ எண்ணி விட்டுவிடக் கூடும். வரிசையாகப் பார்ப்போம்.

1. மாடு மெல்லும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளும். அசை போடும்போதும் அப்படியே செய்யும்.

2. வாயில் எடுத்த தீவனம் பாதி கீழே விழும். தொட்டியைச் சுற்றிலும் அரைகுறையாக மென்ற தீவனம் சிதறிக் கிடக்கும்.

3. வாயிலிருந்து எச்சில் வடியும். நாக்கின் நுனி வெளியே தெரியும்.

4. கன்னத்தின் சதை வற்றும். நல்ல மாட்டின் கன்னம் உள்ளங்கைக்குக் கெட்டியாகத் தென்படும். நோயுற்ற மாட்டில் அவ்விடம் பள்ளமாகி எலும்பு தட்டுப்படும்.

5. கீழ்த்தாடை தொங்கும். விழுங்குவதும் கடினமாகும். நாளடைவில் இரத்தம் குறைந்து, எலும்பும் தோலுமாக மெலிந்து போகும்.

காய்ச்சல் இராது. ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குத் தொற்றவும் செய்யாது. ஆனால் ஒரே தீவனத்தைத் தின்னும் மாடுகள் பலவற்றுக்கு ஒரே காலத்தில் வரலாம். அதைக் கண்டு இது தொற்று நோய் என்று மயங்கக் கூடாது.

தாடை ஏன் வற்றுகிறது?

சீமைக் கருவேலின் இலையிலும் காயிலும் ஆல்கலாய்டு வகையைச் சேர்ந்த நச்சுப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ஜூலிபுரோசோப்பின் என்பது. இலையைக் கால்நடைகள் விரும்பித் தின்பதில்லை. காயையோ இனிப்புக்காக வயிறாரத் தின்கின்றன. அப்போது இந்நஞ்சும் உள்ளே போகிறது.

இந்நஞ்சு தாக்குவது நேரடியாகத் தசையை அன்று. தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்பையே தாக்குகிறது. மூளையின் அடித்தண்டில் தாடையை அசைப்பதற்கென்றே தனியாக நரம்பு உயிரணுக்கள் கூட்டமாக அமைந்துள்ளன. அவ்வுயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் இந்நஞ்சினால் கெடுகின்றன. பிறகு உயிரணுவிலேயே குமிழ் குமிழாக வெற்றிடங்கள் தோன்றி, அது செத்துப் போகிறது. அதிலிருந்து தாடைக்குச் செல்லும் நரம்பு இழையும் பட்டுப் போகிறது.

கிணற்று மோட்டார் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மின்கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடாது. ஓடாமல் கிடந்தால் அதுவும் துருப்பிடித்து வீணாகும். தாடைத் தசையின் கதியும் இதுவே. கட்டளை வராததால் வேலை இல்லை. வேலை இல்லாததால் தசை வற்றுகிறது. நல்ல பசு ஒன்று நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் அசை மட்டுமே போடுகிறது. அவ்வளவு உழைக்கும் தாடை நின்றுவிட்டால் மாட்டின் வாழ்வே நின்றுவிடுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிற நாடுகளில் கண்ட பாடம்

பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி நம் இராமநாதபுரம் சீமையைப் போல மழை குறைந்த பகுதி. அங்கே 1942இல் பெரு நாட்டிலிருந்து விதை கொண்டு வந்து இம்மரத்தை வளர்த்தனர். காயை மாடுகளுக்குத் தீவனமாக்கினர். சில பண்ணைகளில் மாடுகளின் முகம் கோணி, தாடை தொங்கியது. உழவர்கள் அதற்கு ‘காரா டோர்ட்டா’ என்று பெயரிட்டனர். அவர்கள் மொழியில் ‘கோணல் முகம்’ என்பது பொருள். பின்னர் ஆய்வாளர்கள், பெரும்பங்கு காய் கலந்த தீவனத்தை வெள்ளாடுகளுக்கும் மாடுகளுக்கும் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது அதே நோய் தோன்றியது. இம்முடிவுகள் வெள்ளாடுகளில் 2000இலும், மாடுகளில் 2006இலும் வெளிவந்தன.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் பாரிங்கோ பகுதியில் 1980களில் இம்மரத்தைப் பரப்பினர். அங்கே ஒட்டும் தன்மையுள்ள இனிப்புக் காயை ஓயாமல் தின்ற ஆடுகள் பற்களை இழந்தன. அப்பகுதி மக்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்து, பல்லிழந்த ஆடு ஒன்றையே நீதிமன்றத்துக்குச் சான்றாகக் கொண்டு வந்தனர்.

மேய்ச்சல் தரையில் நிற்கும் மரமே கால்நடையின் தசைக்குப் பகையாவது இந்த ஒரு மரத்தோடு முடியவில்லை. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் மேய்ச்சலில் விட்ட குதிரைகள் திடீரென நடக்க மாட்டாமல் விறைத்து, கறுத்த சிறுநீர் கழித்து, இரண்டு மூன்று நாட்களில் மடிந்தன. நெடுங்காலம் காரணம் தெரியவில்லை. 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளே உண்மையைக் காட்டின. வேலியோரம் நின்ற மேப்பிள் மரங்களின் இறக்கை போன்ற விதைகள் காற்றில் பறந்து புல்லில் விழுந்திருந்தன. அவ்விதையில் உள்ள ஹைபோகிளைசின் என்னும் நஞ்சு, தசைகள் கொழுப்பை எரித்து ஆற்றல் பெறும் வழியை அடைத்துவிடுகிறது. அம்மரமும் நஞ்சும் வேறு, நோயும் வேறு. ஆனால் பாடம் ஒன்றே: மாடு மெலிந்தால் தொட்டியை மட்டும் பார்த்தால் போதாது, அது மேயும் இடத்தில் நிற்கும் மரத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

‘எங்கள் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே!’

இப்படி உழவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பகல் முழுதும் மேயும் ஆடு காயோடு புல்லையும், வேம்பு, வாகை போன்றவற்றின் தழையையும், காய்ந்த செத்தையையும் கடிக்கிறது. காயின் பங்கு குறைவு. பருவம் முடிந்ததும் காய் தானே நின்றுவிடுகிறது. உடலும் தேறிக்கொள்கிறது. ஆகையால் பெரும்பாலான ஆடுகளுக்குத் தீங்கு தெரிவதில்லை.

ஆபத்து எப்போது? மழை பொய்த்து, புல்லும் தழையும் இல்லாமல் போய், காய் ஒன்றே மிச்சம் என்ற நிலை வரும்போது. காயைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் கொட்டிலில் கொட்டும்போது. கருவேலங் காட்டுக்குள்ளேயே மாட்டை இரவும் பகலும் விட்டு வைக்கும்போது. அதாவது, எந்த ஆண்டில் இக்காய் நமக்கு மிகவும் தேவைப்படுகிறதோ அந்த ஆண்டில்தான் அதனால் தீங்கும் வரக்கூடும்.

சூபாபுல் தழையை மட்டுமே தின்னக் கொடுத்தால் மயிர் உதிரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனால் மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுக்கிறீர்கள். அதே விதியைச் சீமைக் கருவேலங்காய்க்கும் கைக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு நாளில் தின்னும் மொத்த உலர் தீவனத்தில் காயின் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கணக்கு எளிது. 300 கிலோ எடையுள்ள மாடு, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 7.5 கிலோ தீவனம் தின்னும். அதில் 30 விழுக்காடு என்பது 2.25 கிலோ. எனவே 2 கிலோவுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 25 கிலோ எடையுள்ள வெள்ளாட்டுக்கு 200 கிராம் போதும்.

இது கட்டிப் போட்டு வளர்க்கும் கால்நடைக்கான கணக்கு. மரத்தடியில் மேய்ந்து வரும் மாடும் ஆடும் ஏற்கெனவே காயைத் தின்றிருக்கும். அது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. அவற்றுக்கு வீட்டிலும் காய் வைக்க வேண்டாம். வைக்கோல், சோளத்தட்டை, கடலைக்கொடி இவற்றில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். காலையில் அவிழ்த்து விடுமுன் சிறிது உலர் தீவனம் வைத்தால், வெறும் வயிற்றோடு போய்க் காயை வாரி விழுங்குவது குறையும். ஒரேயடியாக நிறையத் தின்றால் சர்க்கரையினால் வயிறு புளித்து, அசை நின்று, மாடு படுத்துவிடவும் கூடும்.

காயை அடர் தீவனத்தில் சேர்ப்பதானால் 10 கிலோ கலவைக்குக் கீழ்க்கண்டவாறு சேர்க்கலாம்.

அரைத்த காய்: 3 கிலோ
அரிசித் தவிடு அல்லது கோதுமைத் தவிடு: 3 கிலோ
கடலைப் புண்ணாக்கு: 2 கிலோ
உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு: 1 கிலோ 700 கிராம்
தாது உப்புக் கலவை: 200 கிராம்
சமையல் உப்பு: 100 கிராம்

இக்கலவையில் 2 கிலோ தின்னும் பசுவுக்குள் போகும் காய் 600 கிராம் மட்டுமே. இது எல்லைக்கு வெகுவாகக் குறைவு. காய்க்கும் பருவம் முடிந்ததும் காய் சேர்ப்பதை நிறுத்தி, உடல் தேற இடைவெளி கொடுங்கள். ஆண்டு முழுவதும் விடாமல் கொடுக்க வேண்டாம்.

காயைப் பதப்படுத்தும் முறை

உதிர்ந்த காயை அன்றன்றே பொறுக்கி, வெயிலில் நன்கு காய வையுங்கள். ஒடித்தால் படீரென்று முறிய வேண்டும். ஈரமிருந்தால் சர்க்கரை கசிந்து அரைவை இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும், பூசணமும் பிடிக்கும். பூசணம் பிடித்த காயைக் கொடுக்கவே கூடாது.

காயை அரைத்தே கொடுக்க வேண்டும். விதையின் ஓடு மிகவும் கடினமானது. முழுக் காயாகத் தின்றால் விதைகள் பல செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளிவரும். விதையில் உள்ள புரதம் வீணாவதோடு, அது விழுந்த இடமெல்லாம் புதுக் கன்று முளைக்கும். காய் தின்ற ஆட்டு மந்தையை வயலில் கிடை போட்டால், எருவோடு சேர்த்துக் கருவேல் விதையையும் நாமே விதைத்ததாக ஆகும். அரைத்துக் கொடுத்தால் இவ்விரண்டு நட்டமும் இல்லை. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அரைப்பதால் நஞ்சு நீங்குவதில்லை. அரைத்த காய்க்கும் அதே அளவுதான்.

வெறிநோய் என்ற ஐயம் வந்தால்

எச்சில் வடிந்து தாடை தொங்கும் மாட்டைக் கண்டதும் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணிக் கையை உள்ளே விட்டுப் பார்ப்பது நம் வழக்கம். இது உயிருக்கே ஆபத்தான வழக்கம். வெறிநாய் கடித்த மாட்டுக்கும் எச்சில் வடியும், தாடையும் தொங்கும். வெறிநோய் கண்ட மாடு சில நாட்களிலேயே மடிந்துவிடும். காயினால் வரும் நோயோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளரும். ஆனால் முதல் நாள் பார்க்கும்போது இன்னது என்று பிரித்தறிய நம்மால் இயலாது. எனவே கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும் வரை வாயில் கை வைக்காதீர்கள். தெரியாமல் வைத்துவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

கோமாரி நோயிலும் எச்சில் வடியும். ஆனால் அதில் காய்ச்சலும், வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளங்களும் காணப்படும்; மற்ற மாடுகளுக்கும் விரைந்து பரவும்.

நோய் கண்டால் செய்ய வேண்டியவை

இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. காயை நிறுத்துவதே முதல் மருத்துவம். தலையைச் சாய்த்து மெல்லத் தொடங்கிய நிலையிலேயே நிறுத்தினால் மாடு தேற வாய்ப்பு உண்டு. கன்னம் முழுவதும் வற்றிய பிறகு பழைய நிலை திரும்புவது அரிது. ஆகையால் நாட்களைக் கடத்தாதீர்கள்.

மாட்டை மரமில்லாத இடத்தில் கட்டுங்கள். மெல்ல எளிதான இளம் பசும்புல்லைப் பொடியாக நறுக்கி வையுங்கள். தவிட்டையும் புண்ணாக்கையும் நீரில் குழைத்துக் கொடுங்கள். விழுங்கத் திணறும் மாட்டுக்குக் கொட்டம் வைத்துக் கஞ்சி புகட்டக் கூடாது. அது மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். மருத்துவரிடம் பேசும்போது எத்தனை மாதமாக, எவ்வளவு காய் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நோயை அறிய அதுவே அவருக்குப் பெரிய துணை.

வரும் கோடைக்கு இப்போதே வழி

காயை மட்டும் நம்பியிருக்கும் நிலையே நோய்க்கு வேர். அதை மாற்ற மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியையாவது தீவனத்துக்கு ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கொழுக்கட்டைப் புல் 3 பங்கு, முயல் மசால் 1 பங்கு என்று கலந்து விதைத்தால் வறண்ட நிலத்திலும் பலன் தரும். வரப்பில் அகத்தி, கிளைரிசிடியா, வேலி மசால் வளர்க்கலாம். அறுவடைக் காலத்தில் கிடைக்கும் சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் விற்றுவிடாமல் போர் போட்டு வையுங்கள். கோடையில் ஒரு கட்டுத் தட்டை இருந்தால், அந்த அளவுக்குக் காயின் பங்கு குறையும்.

இவற்றோடு ஒரு பழக்கத்தையும் மேற்கொள்ளுங்கள். காய் உதிரும் காலத்தில் வாரம் ஒருநாள், மாடு அசை போடும்போது ஐந்து நிமிடம் எதிரே நின்று பாருங்கள். தலை நேராக இருக்கிறதா? தாடை இரு பக்கமும் சீராக அசைகிறதா? தீவனம் சிந்துகிறதா? பிறகு மாடு நலமாக இருக்கிறது என்று தெரிந்தால், இரு கன்னத்தையும் வெளியிலிருந்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். இதற்குச் செலவு இல்லை. ஆனால் மாட்டின் கன்னம் பள்ளமாகும் முன் அறிந்துகொண்டால் ஒரு கறவை மாட்டின் விலை உங்களுக்கு மிச்சமாகும்.